பல்செட்டுக்காரரின் வளையல் கடை

பழைய பல்செட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார் வலது பக்கம் மட்டும்தான் மெல்லுறீங்க. இடது பக்கம் சும்மா நறநறன்னு கடிச்சே தேஞ்சிருக்கு. வீட்டுல அம்மா இடது பக்கம்தான் உக்காருவாங்களோ?" என்பார். பல்லின் சொந்தக்காரர் எதிரில்தான் இருப்பார். ஆனால் பல் இவர் கையில் இருக்கும்போது அவர் எப்படி மறுப்பது? பொக்கை வாயால் "அப்பியெல்லாம் இய்ய" என்று சொன்னால் அது ஒப்புதல் வாக்குமூலம் போலத்தான் கேட்கும். பல் பிடுங்கிய பாம்பு என்கிறார்களே, இவர் முன்னால் உட்காருகிற அத்தனை பேரும் அந்த இனம்தான்.

பல் மருத்துவமனையின் பின்பக்கம், எக்ஸ்ரே அறைக்கும் துடைப்பம் வைக்கிற அறைக்கும் நடுவில் இவருடைய பட்டறை. பத்தடிக்கு எட்டடி. ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள், ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஓர் எண். முப்பது நாற்பது தாடைகள் காரணமே இல்லாமல் ஒரே நேரத்தில் இளித்துக்கொண்டிருக்கும் இடத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தால் மனிதனுக்கு ஒன்று பைத்தியம் பிடிக்கும், இல்லாவிட்டால் வாய்த்துடுக்கு வரும். இவருக்கு எது வந்தது என்பதில் இவர் மனைவிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

தொழிலில் கெட்டிக்காரர். ஒரு வக்கீலுக்கு இவர் கட்டிக் கொடுத்த பல்செட், கிண்ணத்துத் தண்ணீரில் ஊறிக்கொண்டே வாய்தா கேட்டதாக ஊரில் சொல்கிறார்கள். முதலில் சொன்னது நான்தான், ஆனாலும் நம்பலாம். ஒரு வினோதமும் உண்டு. பல் கட்ட வருகிறவர்களிடம் இளவயதுப் போட்டோ ஒன்று கேட்டு வாங்குவார். அந்தக் காலத்தில் முன்பல் கோணலாக இருந்திருந்தால் புதுசிலும் அதே கோணலை வைத்துவிடுவார். முத்து வரிசை கேட்டு வந்தவர்கள் சண்டைக்கு நிற்பார்கள். இவர் அசைய மாட்டார். "நேரா வெச்சா அது வேற ஆளு வாயி. உங்க வீட்டு நாயே உங்களப் பாத்துக் கொலைக்கும், பரவாயில்லையா?" என் முன்பற்களுக்கு நடுவில் ஒரு சந்து இருந்தது. பள்ளிக்கூட நாட்களில் அதன் வழியே விசிலடித்து வகுப்பையே கலைத்திருக்கிறேன். இவர் கட்டிய பல்லிலும் அந்தச் சந்து இருக்கிறது. விசிலடித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் என்னை வெளியே விட்டார்.

தாடைகள் இளிக்கும் மேசையின் மறு மூலையில் ஒரு கணினி. விசைப்பலகைக்குப் பிளாஸ்டிக் உறை, திரைக்கு உறை இல்லை. அதனால் திரை முழுக்க இளஞ்சிவப்பு மெழுகு படிந்த விரல் ரேகை. ரேகைகளுக்குப் பின்னால் வானம்.

வீட்டு மொட்டை மாடியில் ஒரு சின்ன தொலைநோக்கியும் கேமராவும் வைத்திருக்கிறார். எடுப்பது மேலே, தேய்ப்பது இங்கே. பிளாஸ்டர் அச்சு ஊற்றினால் இறுக நாற்பது நிமிடம் ஆகும். மற்றவர்கள் அந்த நேரத்தில் டீ குடிப்பார்கள். "பிளாஸ்டர் இறுகுறதுக்குள்ள நாலு நட்சத்திரத்தத் தேச்சிரலாம்மா" என்று இவர் நாற்காலியைச் சக்கரத்தோடு அந்தப் பக்கம் உருட்டிக்கொண்டு போய்விடுவார்.

நட்சத்திரத்தை எதற்குத் தேய்ப்பானேன் என்று நானும் கேட்டேன். நமக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் காற்று நின்று ஆடுகிறதாம். அதனால் படத்தில் ஊசிமுனை போல விழவேண்டிய புள்ளி, காதுகுடையும் பஞ்சு போல விழுகிறது. கணினியில் அதைக் கூர்தீட்டலாம். ஆனால் மொத்தப் படத்தையும் தீட்டினால் இருட்டும் சேர்ந்து தீட்டப்படும். இருட்டில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் குருணையெல்லாம் தலையைத் தூக்கும். ஆகவே மாஸ்க் போடவேண்டும். அதாவது படத்தின் மேல் ஒரு கறுப்புத் தாள், நட்சத்திரம் இருக்கிற இடத்தில் மட்டும் வெள்ளை ஓட்டை. "வெள்ளையில வேலை நடக்கும், கறுப்பக் கம்ப்யூட்டர் தொடாது. அவ்ளோதாம்மா." கொள்ளைக்காரர்கள் முகமூடி போடுகிற மாதிரிதான், கண்ணுக்கு மட்டும் ஓட்டை.

அவ்வளவுதான் என்று சொன்னவருக்கு அது பிடிபட நாலு வருடம் ஆயிற்று. நாலு வருடமும் பார்த்துச் சிரிக்க ஓர் ஆள் வேறு இருந்தார். இவருடைய சம்பந்தி.

சம்பந்தி நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அளப்பதற்கு நிலம் கிடைக்காமல் போனதும் வானத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அவரிடம் ஆள் உயரத் தொலைநோக்கி இருக்கிறது, வானம் பார்ப்போர் சங்கத்தின் செயலாளர் பதவி இருக்கிறது, போதாக்குறைக்கு இவருடைய ஒரே மகளை மருமகளாகவும் வைத்திருக்கிறார். சங்கம் வருடம் ஒரு தடவை படக்கண்காட்சி நடத்தும். நடுவர்கள் மூன்று பேர். அவர்கள் முதலிடம் கொடுக்கும் படம், மண்டபத்தில் நுழைந்ததும் எதிரே தெரியும் பெரிய சுவரில் தன்னந்தனியாக ஒரு வருடம் தொங்கும். இவர் ஆசைப்பட்டது அந்தச் சுவருக்குத்தான். பெண்ணைக் கொடுத்த இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று எந்தப் புண்ணியவான் சட்டம் போட்டானோ, ஊரையே வம்புக்கு இழுக்கிற இந்த மனிதர் சம்பந்தியின் முன்னால் மட்டும் தண்ணீரில் போட்ட பல்செட் போலச் சத்தமில்லாமல் கிடப்பார். வாய் பேசாததைச் சுவர் பேசட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

எடுப்பது ஒரே ஒரு நட்சத்திரக் கொத்தைத்தான். வேறு எதையும் எடுக்க மாட்டார். முதல் வருடம் மாஸ்க் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் தேய்த்தார். வானம் உப்புத்தாள் போல வந்தது; அதில் இரும்பைத் தேய்த்துத் துருவெடுக்கலாம்.

இரண்டாம் வருடம் மாஸ்க் போட்டார். ஆனால் பாருங்கள், பல்செட்டுக்காரர் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. பாலிஷ் சக்கரத்தில் ஈறுப் பகுதியைப் பளபளப்பாக்கும்போது பல் தேய்ந்துவிடக் கூடாது என்று பல்வரிசை மேல் டேப் ஒட்டிவிடுவார்கள். பல்லை மூடு, ஈறைத் தேய். இருபத்தெட்டு வருடப் பழக்கம் எங்கே போகும்? வெள்ளையாகப் பளிச்சென்று இருந்ததையெல்லாம் பத்திரமாக மூடிவிட்டு, சுற்றி இருந்த இருட்டை இரண்டு மணி நேரம் சாணை பிடித்து அனுப்பினார். உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரனுக்கும் இந்தத் தப்பு வராது. அடுத்த விருந்தில் சம்பந்தி இலேசாகத் தொண்டையைச் செருமினார். "சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. நட்சத்திரம் சுமார்தான். ஆனா இருட்டு பிரமாதமா வந்திருக்கு!"

மூன்றாம் வருடம் மாஸ்க் சரியான பக்கம் விழுந்தது. ஆனால் ஓட்டையின் ஓரத்தைக் கத்தரித்தாற்போல வெட்டிவிட்டார். தேய்த்து முடித்துப் பார்த்தால் ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுற்றியும் ஒரு கறுப்பு வளையம். இருநூறு நட்சத்திரம், இருநூறு வளையம். சம்பந்திக்குக் கொண்டாட்டம். "எங்க வீட்டு மருமகளுக்கு இனிமே வளையலே வாங்க வேணாம். அவங்க அப்பா வானத்துலயே கடை போட்டுட்டாரு!" அன்றிலிருந்து சங்கத்தில் இவருக்குப் பெயர் வளையல்கடைக்காரர். தள்ளுபடியான அந்தப் படத்தைப் பட்டறைக் கதவில் இருந்த ஓட்டையை மறைக்க ஒட்டி வைத்தார். பெயரைக்கூடச் சிரித்துக்கொண்டே தாங்கிக்கொண்டார். மகள் போன் பண்ணி, "அப்பா, இந்த வருஷமாவது வளையல் இல்லாம அனுப்புங்கப்பா. மாமா சிரிக்கும்போதெல்லாம் நானும் கூடச் சேந்து சிரிக்க வேண்டியிருக்கு, வாய் வலிக்குது" என்றாள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. அன்று ஒரு பல்செட்டின் சொந்தக்காரரையும் அவர் கேலி செய்யவில்லை. வந்தவர்கள் பயந்துபோய் டாக்டரிடம் கேட்டார்களாம், "உள்ள இருக்கறவருக்கு உடம்பு சரியில்லையா?"

நாலாம் வருடம் இவரைக் காப்பாற்றியதும் பல்தான். பொய்ப்பல்லைப் பொய்ப்பல் என்று காட்டிக்கொடுப்பது பல் அல்ல, பல்லும் ஈறும் சேரும் கோடு. அங்கே கோடு கோடாகத் தெரிந்தால் போச்சு. பல் எங்கே முடிந்தது, ஈறு எங்கே தொடங்கியது என்று தெரியாமல் கரைந்துபோக வேண்டும். "மாஸ்க்குக்கும் அதேதாம்மா! ஓரத்தக் கரைச்சு விடணும். இருபத்தெட்டு வருஷமா இந்தக் கையி தினம் செய்யுது, மண்டைக்கு ஏறல!" என்று தன் தலையில் தானே ஒரு தட்டு தட்டிக்கொண்டார். புருவத்தில் இருந்த பிளாஸ்டர் தூள் பொலபொலவென்று உதிர்ந்தது.

படம் அனுப்பவேண்டிய கடைசித் தேதியன்று மதியம் என் பல்செட் ஈறைக் கடிக்கிறதென்று நான் அங்கே போயிருந்தேன். பல்லைக் கழற்றி வாங்கிக்கொண்டார். அதை மேசைமேல் வைத்தார். வைத்தவர் கணினிப் பக்கம் உருண்டு போய்விட்டார். ஆகவே அன்று நடந்ததற்கெல்லாம் நான் வாயில்லாச் சாட்சி.

ஐந்து மணி வரை படம் அனுப்பலாம். இவர் மூன்று மணிக்கே அனுப்பிவிட்டார். மூன்றரைக்குச் சம்பந்தியின் போன். செயலாளர் வாயைத் திறக்கக் கூடாது என்று சங்கத்துக்கு விதி உண்டு. விதிக்கு அவர் வாயின் நீளம் தெரியாது. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இவர் எழுந்து நின்றுகொண்டார்.

"சம்பந்தி, வளையல் எங்க? ஒண்ணுகூட இல்லையே! கடையக் காலி பண்ணிட்டீங்களா?"

"காலி பண்ணிட்டேங்க."

"வர்ற படத்த நடுவருங்க அப்பப்பவே பாத்துட்டிருக்காங்க. மூணு பேரும் உங்களுக்கு டிக் போட்டுட்டாங்க. பெரிய சுவரு உங்களுக்குத்தான்னு வெச்சுக்குங்க. நான் சொன்னதா யார்ட்டயும் சொல்லிராதீங்க."

போனை வைத்ததும் இவர் செய்தது ஒன்றுதான். பாலிஷ் மோட்டாரை வெறுமனே ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் வாய்விட்டு ஏதோ கத்தினார். வார்த்தை கேட்கவில்லை. கேட்காதது நல்லதுக்குத்தான் என்று முகம் சொல்லிற்று.

நாலு மணிக்கு மனைவி வந்தார். ஆயத்த ஆடை கம்பெனியில் தையல் பரிசோதிக்கிற வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை அந்தக் கண்ணைத் தாண்டிப் போகும். ஒரு பிசிறு தாண்டாது. ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் பட்டறையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கணவரை வீட்டுக்குக் கூட்டிப் போவது வழக்கம். கதவில் ஒட்டியிருக்கும் வளையல் கடையில் தினமும் பிளாஸ்டர் தூள் படியும். அதைத் துடைப்பதும் மனைவியின் வேலைதான்.

சேதி கேட்டதும், "நிஜமாவா? சம்பந்தியே சொன்னாரா? அவரு வாயால?" என்று முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். பார்த்தார். கதவைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"என்னங்க, இங்க கீழ் மூலையில ஒரு பிசிறு இருந்துச்சே, எங்க?"

"எந்தப் பிசிறு?"

"கதவுல இருக்கற படத்துல இருக்கே. புகை மாதிரி, நூல் பிஞ்ச மாதிரி. தூசின்னு நெனச்சு முதல்ல நாலு நாளு தொடச்சேன், போகல. அப்புறம்தான் அது படத்தோடதுன்னு விட்டேன். இதுல அந்த எடத்துல ஒரு புள்ளி இருக்கு."

"உன் கண்ணுக்குப் பிசிறத் தவிர வேற எதும் தெரியாதா? நல்ல நாளும் அதுவுமா!"

"தெரியாது. அதுக்குத்தான் சம்பளம் தர்றாங்க. பாருங்க."

பார்த்தார். திரையில் மூக்கு இடிக்கும்வரை போய்ப் பார்த்தார். பிறகு தான் போட்ட மாஸ்க்கைத் திறந்து பார்த்தார். போன வருட மாஸ்க் பெரிய நட்சத்திரங்களை மட்டும் பிடித்தது. இந்த வருடம் பொடியையும் விடக் கூடாதென்று, எது நட்சத்திரம் என்று கணினி பொறுக்குகிற சல்லடையை நுணுக்கமாக்கியிருந்தார். அது அந்தப் பிசிறையும் ஒரு பொடி நட்சத்திரம் என்று எண்ணி அதற்கும் ஓர் ஓட்டை போட்டுவிட்டது. தேய்த்த தேய்ப்பில் புகை சுருங்கி, கூர்மையாக, அழகாக ஒரு புள்ளி.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அது நட்சத்திரம் இல்லடி. அது ஒரு கேலக்ஸி. கோடிக்கணக்கான நட்சத்திரம் சேந்து ஒரு ஊரு. அங்கேர்ந்து வெளிச்சம் கிளம்பினப்ப இங்க மனுஷனே இல்ல, பல்லு எங்க, பல்செட்டு எங்க. அத நான் இங்க உக்காந்து தேச்சு ஒத்தப் புள்ளியாக்கிட்டேன்."

"பாவம்" என்றார் மனைவி. "அங்கயும் யாராச்சும் சம்பந்தி இருந்திருப்பாரு."

இவர் போனை எடுத்தார். சம்பந்தி முழுதும் கேட்டார். கேட்டு முடித்து, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "சம்பந்தி, இத்தூண்டு மங்கல். யாருக்குத் தெரியப் போகுது? நடுவருங்களுக்கே தெரியல, எனக்கே தெரியல."

"எனக்குத் தெரியுதுங்களே."

"மாத்தி அனுப்புனா மூணு டிக்கும் போயிரும். புதுப் படம்னு கடைசியில போய் நிப்பீங்க. மூலையில என்னடா அழுக்குன்னு கழிச்சுக் கட்டிருவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். சும்மா இருந்தா சுவரு."

மணி நாலு நாற்பது. எங்கள் மூன்று பேரையும் முப்பது தாடைகள் பார்த்து இளித்துக்கொண்டிருந்தன. எனக்கு ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. பல் மேசைமேல் இருந்தது. இவர் அதைக் கையில் எடுத்தார். தீர்மானம் பண்ணிவிட்டார், என் வேலையைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, முன்பல் சந்தை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சந்தை அடைத்திருந்தால் அவருக்கு அரை நாள் வேலை மிச்சமாகியிருக்கும்.

பல்லைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை உருட்டினார். மாஸ்க்கில் அந்த ஓர் ஓட்டையின் மேல் கறுப்புத் தூரிகையால் ஒரு பொட்டு. ஓரத்தைக் கரைத்தார். மறுபடியும் எல்லாவற்றையும் தேய்த்தார். கணினி ஒரு நீலக் கோட்டைக் காட்டி, அதை எறும்பு வேகத்தில் நகர்த்தியது. மனைவி நின்றபடியே கடிகாரத்தை ஒரு தடவையும் கணவரை ஒரு தடவையுமாகத் திட்டிக்கொண்டிருந்தார். நாலு ஐம்பத்தேழுக்குப் படம் வந்தது. எல்லா நட்சத்திரமும் ஊசிமுனை. மூலையில் நூல் பிசிறாக ஒரு புகை.

"இப்ப இருக்கு" என்றார் மனைவி. பழைய படத்தை விலக்கிவிட்டுப் புதுசை அனுப்பும்போது ஐம்பத்தொன்பது.

என் பல்லை மறுநாள்தான் வாங்கிக்கொண்டேன். அன்றிரவு கஞ்சி.

படம் சுவரேறியதா என்று கேட்கிறீர்கள். ஏறியது, எதிர்ச்சுவரில் அல்ல. பெரிய சுவரில் யாரோ எடுத்த நிலா தொங்கிற்று. நிலாவுக்கென்ன, எங்கே போனாலும் முன்வரிசை. நடுவர்களில் ஒருவர் மட்டும் டிக் போட்டதால் இவர் படம் மண்டபத்தின் பின்புறம், கழிப்பறைக்குப் போகிற நடையில் இடம் பிடித்தது. கண்காட்சி அன்று இவர் இஸ்திரி போட்ட சட்டையோடு படத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். கூட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. உள்ளே போகிறவர்கள் அவசரத்தில் பார்க்கவில்லை, வெளியே வருகிறவர்கள் நிம்மதியாகப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் பாதிப் பேர் ஈரக் கையால் அந்த மூலையைத் துடைக்கப் பார்த்தார்கள். இவர் ஒவ்வொருவர் கையையும் மெதுவாக விலக்கி, "அழுக்கு இல்லைங்க, ஊரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிலர் எந்த ஊர் என்று கேட்டார்கள். ஒருவர் பஸ் போகுமா என்று கேட்டதாகவும் வைத்துக்கொள்ளலாம்.

மாலையில் சம்பந்தி வந்தார். படங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டு வருகிறார். பின்னால் மகள், கையில் எண் சீட்டு அட்டை. சிறப்பு விருந்தினர் இன்னும் ஐந்து நிமிடத்தில் இந்த வழியாகத்தான் வருவாராம். அவருக்கும் கழிப்பறை உண்டுதானே. சம்பந்தி படத்தை ஏற இறங்கப் பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல. நிஜமாகவே இவருக்காக வருத்தப்பட்டார்.

"சொன்னாக் கேக்க மாட்டீங்க. சரி விடுங்க சம்பந்தி, நம்பர அது மேலயே ஒட்டிர்றேன். அழுக்கு தெரியாது." நாற்பத்தொன்று என்று அச்சிட்ட வெள்ளைச் சீட்டை அட்டையில் இருந்து உரித்து, மூலையைக் குறிபார்த்துக் கட்டைவிரலைக் கொண்டுபோனார்.

பெண்ணைக் கொடுத்த நாளில் இருந்து சம்பந்தியின் எதிரில் கையைக் கட்டிக்கொண்டே நிற்கிறவர், அந்தக் கையை அவிழ்த்து, உள்ளங்கையை அகல விரித்து அந்த மூலையின் மேல் வைத்தார். சீட்டு அவர் புறங்கையில் ஒட்டிக்கொண்டது. சம்பந்தி அதை ஒரு தடவை அழுத்திக்கூட விட்டார், பழக்கதோஷம். மகள் சிரித்தாள். விருந்தினரின் செருப்புச் சத்தம் நடையின் திருப்பத்தில் கேட்டது. இவர் நாற்பத்தொன்றோடு அப்படியே நின்றார், கையை எடுக்காமல்.